பாறைமுனையின் வடபுறம்

சைமா ஏரி, மேற்குக் கரை
11 ஜனவரி 2017

உர்ஹோவுக்கு,

போன மே மாதம், தடை இருக்கும்போதே நீ வலை போட்டாய். அதில் சிக்கி ஒரு சீல் குட்டி மூச்சுமுட்டிச் செத்தது. அதை உன் நீராவிக் குளியல் குடிலுக்குப் பின்னால் புதைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டாய். உன் நாய் தோண்டிக் காட்டியிராவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது.

அதன் பலனைக் கேள். இந்த வருஷமும் பனி போதவில்லை. பனிமேடு இல்லாமல் தாய் எங்கே வளை குடைந்து குட்டி போடும்? வெட்டவெளியில் போட்டால் நரிக்குத்தான் ஆகும். மற்றக் கரைகளில் ஆட்கள் மண்வாரியோடு வந்து பனியைக் குவித்து மேடு கட்டுகிறார்கள். நம் கரைக்கு வரமாட்டார்களாம். வனத்துறை அதிகாரியிடம் கேட்டேன். "அம்மா, உங்க பக்கம் மூணு வருஷமா ஒரு சீல்கூட பதிவாகலையே" என்றார். எப்படிப் பதிவாகும்? அது உன் தோட்டத்தில் அல்லவா கிடக்கிறது.

இந்த ஏரியை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத பிராணி. முந்நூற்றுச் சொச்சம்தான் மிச்சம். எனக்கு வயது எழுபத்து நான்கு. அனுமதி வாங்கிவிட்டேன், நானே குவிக்கப் போகிறேன்.

நீ வாசலில் வைத்துவிட்டுப் போன மீனை நான் தொடவில்லை. பூனை தின்றது.

ஹில்க்கா


அதே குடாவின் எதிர்ப்புறம்
17 ஜனவரி

அன்புள்ள அக்காவுக்கு,

பூனை சுகமா?

மூன்று நாளாக நீ மண்வாரியோடு மல்லுக்கட்டுவதை ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். மேடு அழகாக இருக்கிறது. ஏறி நின்று பிரசங்கம் செய்யலாம். சீலுக்குத்தான் உதவாது. அங்கே பனிக்கட்டிக்கு அடியில் முழங்கால் தண்ணீர்தான், கீழே முழுக்கப் பாறை. சீல் கீழேயிருந்து துளை போட்டு ஏற வேண்டாமா? அங்கே தவளைகூட ஏறாது. வெயிலும் நேராக அடிக்கும் இடம்.

நீ கரையில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டவள். நான் ஐம்பது வருஷம் வலை இறக்கியவன். பாறைமுனையின் வடபுறம் போ. கரையை ஒட்டியே ஆளுயர ஆழம் இருக்கிறது.

மற்ற விஷயத்தைப் பற்றி எனக்கு எழுத வரவில்லை.

உன் தம்பி
உர்ஹோ


29 ஜனவரி

உர்ஹோவுக்கு,

துளை போட்டுக் கோல் விட்டு அளந்தேன். நீ சொன்னது சரி. நன்றி சொல்லமாட்டேன். அந்த ஆழத்தை உனக்குக் காட்டிய வலைதான் குட்டியைக் கொன்றது.

வடபுறத்தில் புதிதாக ஆரம்பித்தேன். இடுப்புயரத்தில் விட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் மார்புயரம் இருக்கிறது. வெட்டெல்லாம் இடதுகைக்காரனுடைய வெட்டு. இந்த ஏரிக்கரையில் எனக்குத் தெரிந்த இடதுகைக்காரன் ஒருவன்தான்.

என்னுடைய அகலமான மண்வாரியைச் சுவரில் சாத்தி வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள். ஆனால் அதிகாரியிடம் நீ உண்மையைச் சொல்லும்வரை உன்னோடு பேச்சு இல்லை.

ஹில்க்கா


6 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். எலும்புகளை ஒரு பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு நகரத்துக்குப் போனேன். அதிகாரி பெட்டியைத் திறந்து பார்த்தார். "ஏன் இத்தனை நாள் சொல்லலை?" என்று கேட்டார். "அக்காவுக்குப் பயந்துதான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

மீன்பிடி உரிமம் போனாலும் போகலாமாம். போகட்டும். அந்த வலையையும் அங்கேயே கொடுத்துவிட்டேன். திரும்பி வரும்போது வண்டியில் அதன் வாசம் மட்டும் இருந்தது.

உர்ஹோ


21 ஏப்ரல்

அன்புள்ள உர்ஹோ,

மேடு நேற்று இடிந்து உட்கார்ந்தது. உள்ளே வளை. வளைக்குள் துளை. துளையருகே சாம்பல் ரோமத்தோடு, கொழுகொழுவென்று ஒரு குட்டி.

அதிகாரியும் நானும் கரையில் படுத்துத் தொலைநோக்கியில் பார்த்தோம். அது ஒருமுறை எங்கள் பக்கம் திரும்பி மூக்கைச் சுருக்கிவிட்டுப் புரண்டு படுத்தது. நம் குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டியது. என் குளிர்க்கண்ணாடி நனைந்துபோனதற்குப் பனிதான் காரணம்.

"உங்க கரை பட்டியல்ல ஏறிடுச்சும்மா" என்றார். "என் தம்பி பேரையும் எழுதுங்க. செத்த குட்டிக்கு எதிர்லயும் எழுதுங்க, இந்தக் குட்டிக்கு எதிர்லயும் எழுதுங்க" என்றேன். இரண்டு இடத்திலும் எழுதினார்.

இனி ஆக வேண்டியவை.

வனத்துறை ஜனவரியில் ஆட்களை அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் நான் தினமும் போன் செய்வேன் என்று சொல்லியாகிவிட்டது.

விடுதிக்காரர் தன் விருந்தாளிகளின் பனிவண்டிகளைப் பாறைமுனைக்கு இந்தப் பக்கம் விடக் கூடாது. அவரிடம் நான் பேசுகிறேன்.

உரிமம் மிஞ்சினால் நீ இனிக் கூண்டுப்பொறியில்தான் மீன் பிடிக்க வேண்டும். குட்டியின் தலை நுழையாத வாய் வைத்துப் பின்னு. அளவு என்னிடம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நீயே மீன் கொண்டுவர வேண்டும். வாசலில் வைத்துவிட்டு ஓடாதே.

பூனைக்கு வேறு ஏதாவது வாங்கி வைப்பது என் பொறுப்பு.

உன் அக்கா
ஹில்க்கா