கொட்டகைச் சுவரில் அறுவடைக்காரன்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

என் சலூனைத் திறக்கும் முன் ஒரு மணி நேரம் கிடைத்தது. கொட்டகையின் வடக்குச் சுவரில் ஒரு அறுவடைக்காரன் - சிலந்திபோல எட்டு நீளக் கால் கொண்ட பூச்சி - தோலுரித்துக்கொண்டிருந்தான். உடம்பு பட்டாணி அளவுகூட இல்லை. கால்களை விரித்தால் என் உள்ளங்கையை மூடிவிடும். தலைகீழாகத் தொங்கியபடி பழைய தோலுக்குள்ளிருந்து ஒவ்வொரு காலாக வாயால் கவ்வி இழுத்தான், நீளக் காலுறையைக் கழற்றுவதுபோல. கால்மணி நேரத்துக்கு மேல் ஆனது. மண்டியிட்டு, மூச்சை அடக்கி, லென்ஸை நாலு விரற்கடைக்குக் கொண்டுபோய் எடுத்தேன். இந்தக் காட்சிக்காக மூன்று கோடைகாலம் காத்திருந்தவள் நான்.

எல்லாப் படமும் கலங்கல். காற்றுதான் காரணம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

இன்று காற்றே இல்லை. அப்படியும் கலங்கல்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

புகைப்படக் குழுக் கூட்டம். அக்டோபரில் நூலகத்தில் கண்காட்சி, ஆளுக்கு எட்டுப் படம். குழுவை நடத்தும் எஸ்கில் என் படங்களைத் திரையில் போட்டுவிட்டுக் கேட்டார்: “இங்கெலிசெ, உன் ஆளு எட்டுக் காலோட வந்தானா, பதினாறு காலோட வந்தானா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

வீட்டுக்கு வந்ததும் கேமராவை முக்காலியில் பொருத்தி, கையால் தொடாமல் தொலைவுப் பொத்தானை அழுத்தி எடுத்துப் பார்த்தேன். அறுவடைக்காரன் முதுகின் நடுவே இருக்கும் சின்ன மேடு, அதன் இரு பக்கமும் ஒவ்வொரு கண் - எல்லாம் பளிச்சென்று விழுந்திருக்கிறது. லென்ஸில் கோளாறு இல்லை.

அப்படியென்றால்?

ஆகஸ்ட் 23, சனி

முதியவர் ஆக்செலுக்கு முடி வெட்டும்போது கத்திரி நுனி காதில் பட்டுவிட்டது. ரத்தம். முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவை. பஞ்சு வைத்து அழுத்தினேன், மன்னிப்புக் கேட்டேன்.

“விடும்மா. அந்தக் காதுல எனக்கு ஒண்ணும் கேக்கறதில்ல. இருந்தா என்ன, போனா என்ன” என்றார்.

அவர் போன பிறகு பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு கைகளை நீட்டிப் பார்த்தேன். நடுங்குகின்றன. மெல்ல, ஆனால் நடுங்குகின்றன.

அப்பாவுக்கு நடுக்குவாதம் என்று டாக்டர் சொன்னபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. வரும் நவம்பரில் எனக்கு ஐம்பத்தெட்டு. கடைசி வருடங்களில் அவருக்கு அம்மாதான் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தூக்கம் இல்லை. நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பக்கத்தில் தூங்கும் என் கணவன் பிரெபெனிடம் சொல்லவில்லை. எதைச் சொல்வது? எப்படித் தொடங்குவது?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வயிறு நிறைய முட்டையோடு ஒரு பெண், சுவரில் அசையாமல் இருந்தாள். முக்காலி இல்லாமல் கையாலேயே எடுத்துவிடலாம் என்று வீம்பு. லென்ஸ் விளிம்பு அவள் காலில் இடித்தது. காலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவிட்டாள். தனியாகக் கிடந்த கால் மடங்கி நிமிர்ந்து, மடங்கி நிமிர்ந்து - வயலில் அரிவாள் வீசுவதுபோல. அறுவடைக்காரன் என்ற பெயரே அதனால்தான் வந்தது என்பார்கள். போன கால் திரும்ப முளைக்காது.

இத்தனை நாளில் ஒன்றைக்கூட நான் தொட்டதில்லை. என்ன செஞ்சுட்டேன். எதுக்கு எனக்கு இந்த வேல.

கேமராவைப் பெட்டியில் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். கண்காட்சியில் நான் இல்லை என்று எஸ்கிலுக்கு எழுதியாயிற்று.

செப்டம்பர் 3, புதன்

பிரெபென் படகுத் துறையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டான். ரை ரொட்டி, ஊறவைத்த ஹெரிங் மீன். என் முன்னால் இருந்த ரொட்டியை நான் தொடவில்லை.

“இங்கெ, ஒண்ணு கேக்கறேன், கோவப்படாத. நீ குடிக்கிறியா?”

“என்னது?”

“கை நடுங்குது. ராத்திரியெல்லாம் நடக்கற. துணியெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. போன வாரம் அலமாரியில பாட்டில் இருக்கான்னு தேடினேன்.”

“கெடச்சுதா?”

“கிறிஸ்துமஸ் மெழுகுவர்த்திதான் கெடச்சுது. ரெண்டு பெட்டி.”

சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழத் தொடங்கினேன் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஆக்செலின் காது, அப்பா, அந்தக் கால்.

பிரெபென் என் ரொட்டித் தட்டை ஓரமாக நகர்த்தினான். பிறகு, “உங்கப்பாவுக்குச் சும்மா உக்காந்திருக்கும்போதுதான் கை ஆடும். கரண்டிய எடுத்தா நின்னுடும், மொதல்ல அப்படித்தானே இருந்துச்சு? உனக்கு எதையாவது கையில பிடிச்சாதான் ஆடுது. மடியில வெச்சிருந்தா ஆடறதில்ல. நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்” என்றான்.

“நீ என்ன டாக்டரா?”

“இல்ல. அதனாலதான் சொல்றேன், நாளைக்கு டாக்டருக்கு ஃபோன் பண்ணு. நீ பண்ணலன்னா நான் பண்ணுவேன்.”

செப்டம்பர் 9, செவ்வாய்

டாக்டர் மலேனே என் நீட்டிய விரல்கள்மேல் ஒரு தாளை வைத்தார். தாள் படபடத்தது. நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், மணிக்கட்டை வளைத்துப் பார்த்தார். அப்புறம் கழுத்தைத் தடவினார். கையை அங்கிருந்து எடுக்கவில்லை.

“சூடு தாங்க முடியலையா?”

“வெயில் காலம்தானேன்னு விட்டுட்டேன்.”

“நம்ம குளிர் ஊருல வெயிலா?” என்றார், தடவுவதை நிறுத்தாமல்.

ரத்தம் எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார். இன்னும் மூன்று நாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

கிர்ஸ்டெனின் தலையில் சாயம் பூசி உட்காரவைத்திருந்தபோது ஃபோன் வந்தது. பின்னறைக்கு ஓடினேன்.

“இங்கெலிசெ, இது உங்கப்பாவுக்கு இருந்தது இல்ல. தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்குது. நடுக்கம், படபடப்பு, எளைச்சது, தூக்கம் போனது, எல்லாம் அதனாலதான். மருந்து இருக்கு. சரியாயிடும்.”

“நிச்சயமா?”

“நிச்சயமா. நடுக்கத்துக்குத் தனியா ஒரு மாத்திரை இன்னிக்கே ஆரம்பிக்கலாம்.”

துவைத்து அடுக்கிய துண்டுகள்மேல் முகத்தை வைத்துக்கொண்டேன். எவ்வளவு நேரமோ. வெளியே வந்தபோது கிர்ஸ்டெனின் தலை சாக்லேட் நிறத்தைத் தாண்டிக் கத்தரிக்காய் நிறத்துக்குப் போயிருந்தது. கண்ணாடியில் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். “என் மருமகளுக்கு இது பிடிக்காது. அப்படியே விட்டுடு” என்றாள்.

பிரெபெனிடம் ஃபோனில் சொன்னேன். “சரி” என்றான். கொஞ்சம் கழித்து, “சரி.” மறுபடியும், “சரி.” பின்னால் படகு இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 13, சனி

ஒன்பது மணி நேரம் தூங்கினேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஓடென்சே நகர மருத்துவமனையில் தைராய்டு ஸ்கேன் முடிந்தது, பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு கிலோ ஏறியிருக்கிறேன். காலையில் எழுந்து வந்தால் கேமராப் பெட்டி சமையலறை மேசைமேல் இருக்கிறது. தூசு துடைத்து. பிரெபென் செய்தித்தாளை விட்டு நிமிரவே இல்லை.

பிற்பகலில் எஸ்கில் கூப்பிட்டார். “உன் எடத்த யாருக்கும் குடுக்கல. எட்டு ஆணி அடிச்சாச்சு, பிடுங்கச் சோம்பலா இருக்கு.”

அக்டோபர் 5, ஞாயிறு

ஈரப் புல்லில் குப்புறப் படுத்து முக்கால் மணி நேரம். ஆப்பிள் மரத்தடியில், தாடையில் கொம்பு வைத்த ஆண் அறுவடைக்காரன் ஒருவன், இரண்டாம் காலை வாயில் கொடுத்து நுனிவரை நூல்போல் இழுத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். இழுத்து முடித்ததும் அடுத்த கால். பிரெபென் வெளிச்சத்தைத் திருப்பிவிட வெள்ளை அட்டையைப் பிடித்தபடி, “இவன் குளிச்சு முடிக்கறதுக்குள்ள நமக்குச் சோறு ஆறிடும்” என்று முணுமுணுத்தான்.

கையாலேயே எடுத்தேன். கால்நுனியின் மயிர்கூட எண்ணலாம்போல இருக்கிறது. ஆனால் கொம்பின் நிழல் சரியாக முதுகு மேட்டில் விழுந்து கண்ணை மறைக்கிறது. நடுநடுவே மேகம் வேறு. பிரெபெனுக்கு அட்டை பிடிக்கத் தெரியவில்லை; சொன்னால் முறைக்கிறான்.

நாளைக்குச் சலூன் விடுமுறை. பதினோரு மணிக்கு வெயில் ஆப்பிள் மரத்தின் அந்தப் பக்கம் திரும்பும்.