மிட்வைஃபரியா, ஐ.சி.யூ.வா

14 மார்ச் 1986, வெள்ளி

நர்சிங் மேற்படிப்புக்குப் பிரசவம் பார்க்கும் மிட்வைஃபரியா, ஐ.சி.யூ.வா என்று திங்கட்கிழமை மேட்ரனிடம் சொல்ல வேண்டும். ஐ.சி.யூ.தான் என்றிருந்தேன். வாயில் குழாயோடு கிடப்பவர்களிடம் தமிழ் பேச யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள்.

தமிழ் பேச ஆளில்லை என்று கூப்பிட்டதால், இன்றும் என் வார்டு வேலையை அப்படியே போட்டுவிட்டுப் பிரசவ அறைக்கு ஓடினேன். டெங்கில் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெண். வலியில் அவளுக்குத் தெரிந்த மலாயும் மறந்துவிட்டது. "இப்ப முக்காதம்மா, மூச்ச விடு" என்று நான் சொன்ன பிறகுதான் அடங்கினாள். பெண் குழந்தை.

"நீ மிட்வைஃபரியே எடு லா" என்றார் அங்கிருந்த சிஸ்டர். தமிழ் பேசுவதற்கு எதற்குப் படிப்பு என்று எரிச்சலாக வந்தது.

கிளம்பும்போது அவள் என் கையை விடவில்லை.

"நாளைக்கும் வருவீங்களா மிஸ்ஸி?"

"வரேம்மா" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

நாளை எனக்கு ஆஃப். பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும்.