பெயர் மறைத்த நகல்

வியாசர்பாடி
12.2.2004, வியாழன் இரவு

அன்பு அக்காவுக்கு மகிழினி எழுதுவது. இந்தத் தாளை யாருக்கும் காட்டாதே அக்கா, உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உன் அறையில் இருக்கும் மலையாள அக்காவுக்குத் தமிழ் படிக்க வராது என்று எழுதியிருந்தாய், இருந்தாலும் அவர்கள் தூங்கிய பிறகு படி, படித்ததும் கிழித்துப் போடு. கவரில் இரண்டு தாள் இருக்கும். முதல் தாள் சாயங்காலம் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது. அங்கே நீ சுகமா, இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று வழக்கம்போலத் தொடங்கி, பூனாவில் குளிர் விட்டதா, டூட்டி முடிந்து ஈரத் தலையோடு படுக்காதே, மெஸ்ஸில் சப்பாத்தி பிடிக்கவில்லை என்று பட்டினி கிடக்காதே என்று எல்லாம் அதில் இருக்கிறது. அதை ஆஸ்பத்திரி முழுக்கப் படித்துக் காட்டினாலும் பரவாயில்லை. இந்தத் தாள் அம்மாவுக்கே தெரியாது. பாத்ரூமில் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, மடியில் அறிவியல் நோட்டை வைத்து எழுதுகிறேன். நைனாவுக்கு நாளைக் காலை ஹார்பரில் லோடு, குறட்டை கேட்கிறது. குறட்டை நிற்கும்போதெல்லாம் நானும் நிறுத்திக்கொள்கிறேன். விடிந்ததும் அம்மாவுக்காக நான் ஒரு பொய்க் கடிதம் எழுதித் தர வேண்டும். அதை எழுதலாமா வேண்டாமா என்று உன்னிடம்தான் கேட்க வேண்டும், வேறு யாரிடமும் கேட்க முடியாது. ஏன் என்று கடைசியில் உனக்கே புரியும்.

முதலில் பழைய கதை ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே, அதைச் சொல்லாமல் இது வராது. நீ திருவொற்றியூரில் அந்தச் சமுதாயக் கல்லூரிக்குப் போய்வந்த வருடம் ஞாபகம் இருக்கிறதா? நான் ஏழாவது. சாயங்காலம் நீ வந்ததும் முகம்கூடக் கழுவாமல் என்னைப் பாயில் படுக்க வைப்பாய். அம்மாவின் பழைய ஊதாப் புடவையைக் கிழித்துச் சுருட்டி வைத்திருந்தோமே, அதுதான் பேண்டேஜ். ஒருநாள் தலைக்கு, ஒருநாள் முட்டிக்கு, ஒருநாள் கையை மடக்கிக் கழுத்தில் தூளி. உன் கையில் டெட்டால் வாசனை இருக்கும், அந்த வாசனைக்காகவே நான் அசையாமல் கிடப்பேன். தலைக்கட்டோடு ராசையா அண்ணாச்சி கடைக்குப் போனேனே, அவர் பதறிப்போய், ஏ பிள்ள, எங்கன விழுந்த, யாரு தள்ளிவிட்டா என்று கேட்டு இரண்டு கமர்கட் சும்மா கொடுத்தார். மறுநாள் காலில் கட்டோடு நொண்டிக்கொண்டு போனேன். நேத்து மண்டை, இன்னைக்குக் காலு, நாளைக்கு வந்தா மிட்டாய்க்குத் துட்டு வைக்கணும்ட்டி என்றார். நீ மாடியில் நின்று சிரித்தது கடை வரைக்கும் கேட்டது. அந்த மாதிரி நீ சிரித்ததை அதற்கப்புறம் நான் கேட்கவில்லை. காலேஜிலேயே கட்டுப் போட்டுப் பழகலாமே, எதுக்கு தெனமும் என்னைக் கட்றே என்று ஒருநாள் கேட்டேன். அங்க என் கைக்கு வராது மகி, நீ ஆடாம படு என்று சொன்னாய். எனக்கு அப்போது அது புரியவில்லை. உனக்கு நோயாளியாக இருப்பது எனக்குப் பெருமையாக இருந்தது, அவ்வளவுதான் தெரியும்.

இப்போது அம்மாவும் அதே காலேஜுக்கு, அதே நோயாளி பராமரிப்புப் படிப்புக்குத்தான் போகிறாள், அது உனக்குத் தெரியும். என் பெரிய பொண்ணு செங்கொடி படிச்ச எடம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனாள். வயது கேட்பதில்லை, படிப்பு கேட்பதில்லை, கைவேலை வந்தால் போதும், பரீட்சைகூட வாயால்தான். ராத்திரி நான் பாடத்தைப் படிப்பேன், அம்மா கேட்டு மனப்பாடம் செய்வாள். மார்ச்சில் சர்டிபிகேட் வந்துவிட்டால் தண்டையார்பேட்டை நர்சிங் ஹோமில் பெருக்குகிற வேலையிலிருந்து உதவியாளர் வேலைக்கு மாற்றுகிறேன் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். இதுவரை நாங்கள் உனக்கு எழுதியது. எழுதாதது என்னவென்றால், அம்மாவுக்கு இன்னும் கட்டுப் போடத் தெரியாது. செய்முறை வகுப்பில் ஒருவர் கட்டிலில் நோயாளியாகப் படுக்க வேண்டும், மற்றவர்கள் சுற்றி நின்று கற்றுக்கொள்ள வேண்டும். அதைச் சொல்லித்தரும் அய்யாத்துரை சார் கடைக்காரர் வீட்டுப் பெண்களைப் படுக்கச் சொல்வதே இல்லை, அவர்கள் கையில்தான் பேண்டேஜைக் கொடுப்பார். படுப்பதற்கு, ஏ வியாசர்பாடி, நீ வா என்று நம் பக்கத்துப் பெண்களைத்தான் கூப்பிடுவார், பெயர்கூடச் சொல்வதில்லை. கட்டுப் போட்டுக் காட்டுகிற சாக்கில் அவர் கை தேவையில்லாத இடமெல்லாம் போகும். தட்டிவிட்டால், ஹவுசிங் போர்டு வீட்டுக்காரிக்கு இவ்வளவு கூச்சமா என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைப்பார். போன மாதம் அம்மா, சார், எனுக்கு ஒடம்பு சரியாப் போயி ரொம்ப நாளாச்சு, இன்னிக்கி வேற யார்னா சீக்காளி ஆவட்டும் என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு வகுப்பே சிரித்தது, சார் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு எல்லாக் கட்டிலையும் அம்மாவையே தனியாகக் கழுவச் சொல்லி, கதவருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாராம். அதற்கு மேல் அம்மா என்னிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு தடவை குளித்தாள்.

பொங்கல் முடிந்து தையல் சொல்லித்தரும் மகிமா மிஸ் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசியிருக்கிறார். ஊரைச் சொல்லி ஒதுக்குவதும் குற்றம், பிடிக்காதவர்களைத் தொடுவதும் குற்றம், அசிங்கமாகக் கிண்டல் செய்வதும் குற்றம், எழுதிக் கொடுத்தால் வெளியிலிருந்து ஒரு வக்கீல் அம்மாவும் சேர்ந்து விசாரிப்பார்கள், எழுதிக் கொடுத்தவரைப் படிப்பிலிருந்து நிறுத்தக் கூடாது என்று சொல்லி, அதையே எழுதிச் சுவரில் ஒட்டினாராம். மறுநாளே அந்தத் தாளின் முன்னால் யாரோ தண்ணீர் டிரம்மை நகர்த்தி வைத்துவிட்டார்கள். அம்மாவுக்குப் படிக்க வராவிட்டாலும் கேட்டது ஒன்றையும் மறக்க மாட்டாள். வீட்டுக்கு வந்து, எய்து மகி என்றாள். பதினோரு தபா நான் கட்டில்ல படுத்தேன், ஒரு தபா கூட என் கைல பேண்டேஜ் தர்ல, அத்த மொதல்ல எய்து, கைய வெச்சத அப்பால எய்து என்றாள். அப்படியே எழுதினேன். அறிவொளி வகுப்பில் பழகிய கையெழுத்தை அம்மா நிதானமாகப் போட்டாள். இது எதுவும் நைனாவுக்குத் தெரியாது. தெரிந்தால் லோடு தூக்கும் கொக்கியோடு காலேஜ் வாசலில் போய் நிற்பார், அப்புறம் போலீஸ் நைனாவைத்தான் பிடிக்கும், அம்மா படிப்பும் அத்தோடு போய்விடும். வருகிற 27-ஆம் தேதி வெள்ளிக்கிழமை விசாரணை.

செவ்வாய்க்கிழமை காலேஜ் ஆபீஸ் செல்வம் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். நல்ல வேளை நைனா இல்லை. இன்னாத்துக்குக்கா பேஜாரு, பரீட்சைக்கு ஒரு மாசந்தான் கீது, மார்க்கு போடப்போறது அந்த சாருதான என்று சொல்லி ஒரு ஜெராக்ஸ் தாளை நீட்டினார். இத்த அப்பிடியே உன் பொண்ண வுட்டு எய்தி, கீய உன் கையெய்த்தப் போட்டு வெள்ளிக்கெயம காலைல குட்த்துடு, மின்ன ஒரு பொண்ணு இப்பிடித்தான் கம்ப்ளெய்ன்ட் குட்த்துட்டு அப்பால இத்த எய்திக் குட்த்துச்சு, இன்னிக்கி எங்கியோ பெரிய ஆஸ்பத்திரில ஜம்முனு கீது என்றார். பெயர் இருந்த இடத்தை ஏதோ துண்டுக் காகிதம் வைத்து மறைத்து நகல் எடுத்திருந்தார்கள். அவர் போனதும் அம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், அப்புறம் என்னைப் படிக்கச் சொன்னாள். நான் தவறுதலாகப் புரிந்துகொண்டு கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுகிறேன், சார் எனக்குத் தகப்பனைப் போன்றவர், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் என் சுய நினைவோடு எழுதிக் கொடுக்கிறேன் என்று இருந்தது. முதல் வரி படிக்கும்போதே அது யார் கையெழுத்து என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அக்கா, மூன்று வருடமாக உன் கடிதங்களை நான்தான் இந்த வீட்டில் படிக்கிறேன். கடைசி எழுத்தின் வாலை நீ அடுத்த வரி வரைக்கும் இழுப்பதும், வரி முடியும் இடத்தில் மேல்நோக்கி ஏறிப்போவதும், எழுதி முடித்ததும் கீழே இரண்டு சின்னக் கோடு போடுவதும் எனக்குத் தெரியாதா? பெயரை மறைத்தவர்கள் அந்த இரண்டு கோட்டை மறைக்கவில்லை. அம்மாவுக்கு எதுவும் தெரியக்கூடாது என்று நான் தண்ணீர் குடிப்பதுபோல எழுந்து போய்விட்டேன். நீ காலேஜுக்குப் போன அந்த வருடம் ஒரு சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாய், நான் புடவைச் சுருளைத் தூக்கிக்கொண்டு வந்து பாயில் படுத்தேன். இன்னிக்கி வேணாம் மகி என்றாய். மறுநாள் அந்தச் சுருளையெல்லாம் தரை துடைக்க எடுத்துக்கோ என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டாய். நான் அதற்காக ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. அதுதானே அது? உன் கைக்கு வராது என்று நீ சொன்னதும் அதுதானே?

உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அப்போது மகிமா மிஸ் இல்லை, விசாரணை இல்லை, ஆபீஸில் கொடுத்தால் ஆபீஸோடு போயிருக்கும், உனக்குப் பத்தொன்பது வயது. நீ அதை எழுதிக் கொடுத்ததால்தான் சர்டிபிகேட் வாங்கி வேலைக்குப் போனாய், உன் பணத்தில்தான் நான் பத்தாவது படிக்கிறேன், எல்லாம் யோசித்துவிட்டேன். ஆனால் அம்மா இப்போது, எய்திக் குட்த்துடலாம் மகி, இன்னும் ஒரு மாசந்தான், படுத்துட்டுப் போறேன் என்கிறாள். அவள் படுத்துவிட்டுப் போகிறேன் என்று சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. அது உன் கையெழுத்து என்று ஒரு வார்த்தை சொன்னால் அம்மா கையெழுத்துப் போட மாட்டாள், எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் அது உன் ரகசியம், நீயே சொல்லாததை நான் எப்படிச் சொல்வேன்? உன்னிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்றால் கடிதம் பூனா போகவே நாலு நாள் ஆகும். அண்ணாச்சி கடை போனிலிருந்தும் பேச முடியாது, அங்கே பேசுவது தெருவுக்கே கேட்கும். அதனால் நாளைக்கு எனக்குக் கடுமையான காய்ச்சல், கை நடுங்குகிறது, எழுத முடியாது என்று சொல்லப் போகிறேன். நீ இதைப் பார்த்ததும் மனசு இருந்தால் மகிமா மிஸ்ஸுக்கு நேராக எழுது, அவருடைய வீட்டு முகவரி பின்பக்கம் இருக்கிறது. அந்தத் தாள் நான் எழுதியது, என்னை எழுத வைத்தார்கள் என்று மட்டும் எழுதினால் போதும். இருபத்தேழாம் தேதிக்குள் போய்ச் சேர்ந்தால் அம்மா சொல்வதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. எழுத முடியாது என்றால் அதையும் எனக்குச் சொல், அம்மாவுக்கு வரும் கடிதத்திலேயே எந்த இடத்திலாவது எழுது, நான்தானே படித்துக் காட்டப் போகிறேன், அந்த வரியைத் தாண்டிப் படித்துவிடுவேன். போன மழைக்கு உனக்கு டைபாய்டு வந்ததையும் அப்படித்தான் தாண்டிப் படித்தேன்.

ஆனால் ஒன்று அக்கா, அம்மாவிடம் எதையும் மறைப்பது இப்போது கஷ்டமாகிவிட்டது. இன்று முதல் தாளை எழுதி முடித்ததும் பரண்மேல் இருக்கும் உன் கடித டப்பாவை இறக்கச் சொன்னாள். ரேஷன் கார்டு தேடுகிறேன் என்றாள். ரேஷன் கார்டு எப்போதும் புத்தர் படத்துக்குப் பின்னால்தான் இருக்கும், அது ஏன் மறந்தது என்று நான் கேட்கவில்லை, எனக்கு என் பயம். பாதியில் எழ வேண்டி வரலாம், அதனால் கடிதத்தின் முடிவில் அம்மா எப்போதும் சொல்வதை இப்போதே எழுதிவிடுகிறேன். நீ நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், உன் கையால் நாலு பேர் எழுந்து நடக்க வேண்டும், சம்பளத்தில் உனக்கென்று ஒரு நல்ல செருப்பு வாங்கிக்கொள், இப்படிக்கு உன்னை ஒரு நாளும் மறக்காத அம்மா பட்டம்மாள். அதன் கீழே என் பெயரும். புகாரில் எழுதியவர் என்று என் பெயரை நான் போடவில்லை, பயந்துகொண்டு விட்டுவிட்டேன், விசாரணையில் யார் எழுதியது என்று கேட்டால் நான்தான் என்று போய்ச் சொல்லலாம் என்று இப்போது தோன்றுகிறது. பள்ளிக்கு ஒரு நாள் லீவு போட்டால்

கதவைத் தட்டுகிறார்கள். நைனா இல்லை, குறட்டை கேட்கிறது. அம்மா. வாயைக் கதவிடுக்கில் வைத்து மெதுவாகப் பேசுகிறாள். மகி, தெற, ரெண்டு காயிதத்தயும் பக்கத்துல பக்கத்துல வெச்சிப் பாத்துட்டேன், எனுக்குப் படிக்கத்தான் தெரியாது, இது என் செங்கொடி எய்த்து, தெறடி, வேற காயிதம் எய்தணும் என்கிறாள். அக்கா நான்