முட்டை உரிக்க ஆள் வேணும்

ஜூன் 24, செவ்வாய்

இன்று முட்டை நூற்று எண்பத்தாறு. அதில் ஐந்து வெடித்துவிட்டன. மாரீஸ்வரி தண்ணீரில் உப்புப் போட மறந்துவிட்டாள். "உன் கல்யாணச் சாப்பாட்டுக்காச்சும் உப்புப் போட்டாகளா, இல்ல அதையும் மறந்துட்டாகளா?" என்று கேட்டேன். கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தாள். இருபது வருஷமாக இந்தச் சத்துணவுக் கூடத்தில் ஒன்றாக வேகிறோம், ஓங்குவாளே தவிர அடித்ததில்லை.

மூன்று வாரமாகச் செவ்வாய்தோறும் உத்தமபாளையத்திலிருந்து ஒரு பெண் வருகிறாள். ஷர்மின் என்று பேர். மனசு சரியில்லாத பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்கிறவளாம். பழைய லேப் அறையை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். முதல் நாள் சாப்பாட்டு வரிசையில் பிள்ளைகள், "ஆயாம்மா, அந்த டீச்சர் என்ன பாடம் எடுப்பாக?" என்று கேட்டார்கள். "பாடமெல்லாம் இல்ல. யாருக்கு நட்டு கழண்டிருக்கோ அவுகளுக்கு முறுக்கி விடுவாக. ஸ்பேனர் டீச்சர்" என்றேன். வரிசை முழுக்கச் சிரிப்பு. இன்று பார்த்தால் ஆறாம் வகுப்பு வாண்டு வரைக்கும் அந்தப் பேரைத்தான் சொல்கிறது. நான் வைத்த பேர் எதுதான் நிற்காமல் போயிருக்கிறது?

ஜூன் 26, வியாழன்

லேப் கதவில் யாரோ சாக்பீஸால் 'நட்டு ரூம்' என்று எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் ஸ்பேனர் படம் வேறு. படம் நன்றாகவே இருந்தது. சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

காலையிலிருந்து ஷர்மின் அந்த அறையில் தனியாகத்தான் இருந்தாள். இரண்டு நாற்காலி. ஒன்றில் அவள், எதிரில் இருந்தது காலி. மதியம் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு எங்கள் சமையற்கட்டுக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, எனக்கு ஸ்பேனர்னு பேரு வச்சது நீங்கதானாமே?"

"அது... சும்மா வெளையாட்டுக்குத் தாயி."

"பேரு நல்லாத்தான் இருக்கு. எங்க அத்தா ஒர்க் ஷாப் வச்சிருக்காக, சொன்னதும் விழுந்து விழுந்து சிரிச்சாக. ஆனா ஒரு பிள்ளை கதவத் தாண்டி உள்ள வர மாட்டேங்குதுக்கா. வந்தா நட்டு கழண்ட கேஸுன்னு ஆயிரும்ல?"

கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னாள். ஒரு முட்டையை எடுத்து அவள் டிபன் பாக்ஸில் வைத்தேன்.

போகும்போது ஒன்று சொன்னாள். "மார்க் கொறஞ்சா வாத்தியார்களுக்குத் தெரியும். சோறு எறங்கலைன்னா உங்களுக்குத்தான் மொதல்ல தெரியும். அப்படி யாராச்சும் இருந்தா எனக்குச் சொல்லுங்க." அரிசி டின் மூடியில் போன் நம்பரை எழுதிவிட்டுப் போனாள்.

ஜூலை 4, வெள்ளி

ஒன்பதாம் வகுப்பு யுவராணி இன்றும் முட்டையைப் பக்கத்துப் பிள்ளை தட்டில் வைத்துவிட்டாள். நாலு நாளாகிறது. இந்தப் பள்ளிக்கூடத்தில் என் வாய்க்கு வாய் கொடுக்கிற ஒரே பிள்ளை அவள்தான். "ஆயாம்மா, சாம்பார்ல பருப்பத் தேடணும், ஒரு டார்ச் லைட் குடுங்க" என்று கேட்டவள். இப்போது தட்டை மட்டும் நீட்டுகிறாள், முகத்தைக் காட்டுவதில்லை. "என்னடி மகாராணி, முட்டையோட சண்டையா?" என்றேன். சிரிக்கவில்லை.

வயசு அப்படி என்று இருந்துவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

தட்டுக் கழுவ வந்த யுவராணி குழாயடியிலேயே நின்றாள்.

"ஆயாம்மா, தூக்க மாத்திரை மெடிக்கல்ல சும்மா கேட்டாக் குடுப்பாகளா?"

"மாத்திரை எதுக்குடி? கணக்கு சார் வகுப்புல போய் உக்காரு, தூக்கம் தானா வரும்" என்றேன்.

"ம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அண்டா கழுவும்போதுதான் உறைத்தது. பதினாலு வயசுப் பிள்ளைக்கு அந்த மாத்திரை எதுக்கு? நான் ஏன் அதைக் கேட்கவில்லை? வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டு — சே. வீட்டில் சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கே இறங்கலை. நம்பர் அரிசி டின் மூடியில் இருக்கு. டின்னு பள்ளிக்கூடத்துல பூட்டிக் கிடக்கு. சாவி சத்துணவு டீச்சர்கிட்ட. அவுக பஸ் ஏறிப் போயிட்டாக. எழுதி வச்சுக்கணும்னு தோணலையே எனக்கு.

ஜூலை 11, வெள்ளி

ஏழு மணிக்கே போய்க் காத்திருந்து, கூடத்தைத் திறந்ததும் போன் போட்டேன். ஷர்மின் முழுக்கக் கேட்டாள்.

"அக்கா, அவள நேராக் கேளுங்க. செத்துப் போயிரலாம்னு தோணுதான்னு அதே வார்த்தையில கேளுங்க. கேட்டா அந்த நெனப்பு வந்துருமோன்னு பயப்படாதீக. கேலி மட்டும் வேண்டாம்."

"என் வாயில அது வருமா தாயி?"

"வரணும்க்கா."

வந்தது. குழாயடியில் வைத்துக் கேட்டேன். அவள் கையில் தட்டு. தண்ணீர் அதுபாட்டுக்கு நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

"செத்துப் போகணும்னு இல்ல ஆயாம்மா. தூங்கிட்டு முழிக்காம இருந்தா நல்லா இருக்கும்னு... அவ்வளவுதான்" என்றாள்.

அவ்வளவுதானாம்.

"ஷர்மின் மேடத்துட்ட ஒரு வார்த்தை சொல்லுவமா?"

"நட்டு ரூமுக்கா? நான் போக மாட்டேன். எல்லாரும் சிரிப்பாக." பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பேரு வச்சதே நீங்கதான ஆயாம்மா."

மறுபடியும் ஷர்மினுக்குப் போன் போட்டேன். யுவராணி அம்மா முருகம்மாள் விடியுமுன்னே ஜீப்பில் ஏறி மேட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போகிறவள். அங்கன போன் எடுக்காது. அவள் இறங்கி வருகிற நேரத்துக்கு ஷர்மின் பேசியிருக்கிறாள். பிள்ளையைத் தனியாக விடாதே, வீட்டில் கிடக்கிற மாத்திரை மருந்தெல்லாம் எடுத்து ஒதுக்கு என்றாளாம். நாளைக்கும் நாளை மறுநாளும் முருகம்மாள் தோட்டத்துக்குப் போகப்போவதில்லை. திங்கட்கிழமை வேறு பள்ளிக்கூடத்துக்குப் போகிற முறையை மாற்றிக்கொண்டு ஷர்மின் இங்கே வருகிறாள்.

வீட்டுக்குக் கிளம்புமுன் ஈரத் துணியோடு போய் லேப் கதவைத் துடைத்தேன். எழுத்துப் போய்விட்டது. பேர் போகுமா?

ஜூலை 13, ஞாயிறு

கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் யுவராணி வீட்டுக்கு மூன்று தடவை போய்விட்டேன். மூன்றாம் தடவை முருகம்மாள், "ஏ மதினி, இம்புட்டுக் கறிவேப்பிலைய வச்சு ஊருக்கே கொழம்பு வைக்கிறியா?" என்றாள். பிள்ளை கதவோரம் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தாள். இருக்கிறாள். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

வீட்டில் உட்கார முடியவில்லை. கழுவின பாத்திரத்தைத் திரும்பக் கழுவினேன். நாளைக்கு அந்தப் பெண் வந்து காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்? பிள்ளையை எப்படி அந்த அறைக்குள்ளே விடுவது? முந்தானையில முடிச்சுப் போட்டா கொண்டுபோக முடியும்?

ஜூலை 14, திங்கள்

முட்டை கொதிக்கும்போது யோசனை வந்தது. ஒன்பதாம் வகுப்பு வாசலில் நின்று கத்தினேன்: "சார், முட்டை உரிக்க ஆள் வேணும். மாரீஸ்வரிக்குக் கை வெந்துபோச்சு. அந்த நெட்டச்சி யுவராணிய அனுப்புங்க."

மாரீஸ்வரி கை நன்றாகத்தான் இருந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு உட்காரச் சொன்னேன். "எதுக்கு?" என்றாள். "கேக்காத" என்றேன். "கேக்காதன்னு யாரு, நீ சொல்றியா?" என்று வாயைப் பிளந்தாள்.

சமையற்கட்டுக்குப் பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற மேடையில் ஷர்மின் முந்தியே உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தாள். யுவராணி பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு உட்கார்ந்து ஒரு முட்டையைக் கையில் எடுத்தாள். நானும் உட்காரப் போனேன்.

"அக்கா, நீங்க கொஞ்சம் வெளியில இருங்க."

என்னையா? என் அடுப்படியிலேருந்தா?

இருந்தேன். வாசலில் குறுக்கே கால் நீட்டி உட்கார்ந்து, எட்டிப் பார்த்த பிள்ளைகளையெல்லாம் "உள்ள பாம்பு வந்திருக்கு, ஓடுங்க" என்று விரட்டினேன். காது உள்பக்கமே இழுத்தது. இந்த ஊரில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்று தெரிந்துகொள்ளாமல் நான் தூங்கினதில்லை. முட்டை ஓடு தட்டுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. நடுவில் அதுவும் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. எழுந்து உள்ளே போய்விடலாமா? போகக் கூடாது. போகலாமா? அப்புறம் திரும்பவும் டொக், டொக்.

உரித்த முட்டையெல்லாம் பாதி வெள்ளை பிய்ந்து குண்டும் குழியுமாக நம்ம ஊர் ரோடு மாதிரி இருந்தது. யுவராணிக்குக் கண் சிவந்திருந்தது. அவள் வகுப்புக்குப் போனதும் கேட்டேன்: "என்னதான் தாயி அவளுக்கு?"

"முட்டை உரிக்கத் தெரியலக்கா. எனக்கும்தான்."

"அதில்ல தாயி..."

"அவ சொன்னது அவளோடது. அவுக அம்மாட்டச் சொல்ல வேண்டியத அவளுக்குத் தெரிஞ்சே சொல்லுவேன். ஹெச்.எம். பயிற்சி முடிஞ்சு வந்ததும் அவர்ட்டயும் நானே பேசிக்கிறேன். நீங்க யார்ட்டயும் மூச்சு விட்ரக் கூடாது."

யாரிடம் சொல்கிறாள் பார்.

ஜூலை 15, செவ்வாய்

காமராஜர் பிறந்தநாள். சர்க்கரைப் பொங்கல். யுவராணி ஒரு கரண்டி வாங்கி அரைக் கரண்டி தின்றாள்.

ஜூலை 18, வெள்ளி

தினமும் சாயங்காலம் ஷர்மின் யுவராணியிடம் போனில் பேசுகிறாளாம். மாரீஸ்வரி காலையில் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "மூணு நாளா யாரையும் நொட்டை சொல்லலையே, காச்சலா?" என்கிறாள்.

ஜூலை 22, செவ்வாய்

முட்டை உரிக்க யுவராணியைக் கூப்பிட்டது இன்று இரண்டாம் தடவை. நான் போய்க் கத்தினதும் வகுப்பில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேசி முடித்து ஷர்மின் அடுத்த பள்ளிக்கூடத்துக்குப் பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டாள். மீதி முட்டையை யுவராணி உரித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஹெச்.எம். முத்துக்குமரன் சார் பின்வாசல் வழியாக வந்தார். பயிற்சி முடிந்து இன்றைக்குத்தான் வந்திருக்கிறார்.

"பிள்ளைகள வேலை வாங்கக் கூடாதுன்னு சுவத்துல ஆர்டர் ஒட்டியிருக்கே, படிக்கத் தெரியாதா உங்களுக்கு?"

அந்தச் சத்தத்துக்கு மைதானத்தில் இருந்த பிள்ளைகளெல்லாம் வந்துவிட்டார்கள். அவர் யுவராணியிடம் திரும்பினார். "ஒன்ன யாரும்மா உரிக்கச் சொன்னது?"

அவள் என்னைப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

சார், இது முட்டைக்கு இல்ல சார் — நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அத்தனை பிள்ளைகள் முன்னால் அதைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். தெரிந்தால் இவள் அப்புறம் பள்ளிக்கூடம் வருவாளா?

"நாந்தான் சார் சொன்னேன். சோம்பேறித்தனம்."

"நாளைக்கு எழுத்துல விளக்கம் குடுங்க" என்று போய்விட்டார். கூட்டத்தில் ஒரு பையன் "முட்டை முதலாளி" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல பேர். நானாக இருந்தாலும் அதைத்தான் வைத்திருப்பேன். சிரிப்புச் சத்தத்தில் காதெல்லாம் சுட்டது. இப்படித்தான் இருக்குமா, பிள்ளைகளுக்கு?

யுவராணி சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 23, புதன்

"முட்டை அதிகம். கை கம்மி. தப்புத்தான். இப்படிக்கு, நாகஜோதி." எட்டாவது ஃபெயிலுக்குப் பிறகு நான் எழுதின முதல் பரீட்சை. வேலை போயிருமோ? ஷர்மினிடம் சொன்னேன். "வெள்ளிக்கிழமை நான் வர்றேன், அது வரைக்கும் பொறுங்கக்கா" என்றாள். ரெண்டு நாள்.

ஜூலை 25, வெள்ளி

முருகம்மாள் தோட்டத்து வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் வந்தாள். அவளும் ஷர்மினும் ஹெச்.எம்.மும் ஒரு மணி நேரம் கதவை மூடிப் பேசினார்கள். வெளியே வந்தவளுக்கு டீ கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, "மதினி, அன்னைக்கு நீ கறிவேப்பிலைக்கு வரலையில்ல?" என்றாள்.

"கறிவேப்பிலைக்குத்தான் வந்தேன்."

என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஐம்பது கிலோ அரிசி மூட்டையைத் தனியாகத் தூக்கியிருக்கிறேன், அது இவ்வளவு கனக்கவில்லை.

பின்னாலேயே ஹெச்.எம். வந்தார். என் விளக்கத்தை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தார். "இத நீங்களே வச்சுக்கங்க" என்றார். கொஞ்சம் நின்றார். "டீ இருக்கா?"

ஜூலை 29, செவ்வாய்

மாரீஸ்வரி இன்று தானாகவே கையில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அவுத்துப் போடு, ஆர்டர் ஆர்டர்தான்" என்றேன். ஒன்பதாம் வகுப்புக்கு நான் போகவில்லை. வேறு வழியும் தெரியவில்லை. முட்டை கொதித்தது, இறக்கினேன், பச்சைத் தண்ணீர் ஊற்றினேன், வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தேன்.

இடைவேளை மணி அடித்தது. குழாயடி நிறையப் பையன்கள். யுவராணி நேராக என்னிடம் வந்தாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஆயாம்மா, ஸ்பேனர் டீச்சர் வந்துட்டாகளா?" என்றாள்.

லேப் பக்கம் கையைக் காட்டினேன்.

"முட்டைய நீங்களே உரிச்சுக்கங்க. நான் உரிச்சா உங்களுக்குல்ல திட்டு விழுது."

மைதானத்தின் குறுக்கே நடந்தாள். ஒரு பையன், "ஏ, நட்டு ரூம் அங்கன இல்ல, இங்கன!" என்று தன் மண்டையைத் தட்டிக் காட்டினான். அவள் திரும்பினாள். "ஒனக்கும் நட்டு ஆடுதா? வா, வரிசையில நில்லு" என்றாள். பையன்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

இன்று நூற்று எண்பத்தாறு முட்டையையும் நானும் மாரீஸ்வரியும்தான் உரித்தோம். உள்ளே என்ன பேசினார்களோ, தெரியாது. விரல் நுனியெல்லாம் எரிகிறது.