குப்பைக்குப் போன துண்டு

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது. அங்கே நீ சுகமாக இருப்பாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். இங்கே நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், கோபமும் குறையாமல் இருக்கிறது, அந்த அளவில் நலம்தான்.

சித்தப்பா உனக்குப் போன் செய்து அழுதாராம், நீயும் "விட்டுடும்மா, குடும்பத்துக்குள்ள எதுக்கு" என்கிறாய். நடந்ததை முழுசாகக் கேள். இடது கன்னத்தில் பட்டாணி அளவில் சிவப்பும் ஊதாவுமாக ஒரு கட்டி வந்தது, வலியே இல்லை. வீட்டில் ஒரு தோல் டாக்டர் இருக்க நாம் வெளியே போனால் சித்தப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வருமே, அதனால் அவரிடமே காட்டினேன். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே பார்த்துவிட்டு, "கொழுப்புக்கட்டி அண்ணி, உங்க கொழுப்பு முகத்துக்கும் ஏறிடுச்சு" என்று சிரித்தார். மறுநாள் கிளினிக்கில் சுட்டு எடுத்தார். பரிசோதனைக்கு அனுப்ப வேண்டாமா என்றேன். "அதெல்லாம் வெளியாளுங்களுக்கு அண்ணி, நமக்குள்ள என்ன" என்று குப்பைத்தொட்டியில் போட்டார்.

கட்டி அதே இடத்தில் முன்னைவிட வேகமாக வளர்ந்தது. அவருக்குத் தெரியாமல் வேறொரு டாக்டரம்மாவிடம் போனேன். அந்தப் பெண் கன்னத்தை அழுத்திப் பார்த்தாள், கழுத்தைத் தடவினாள், நெறி கட்டியிருந்தது, சிரிக்கவில்லை. துளி சதை எடுத்து அனுப்பினாள். மெர்க்கெல் செல் புற்றுநோய், அபூர்வமானது, வயதானவர்கள் முகத்தில் வந்து சீக்கிரம் பரவுவது. "அந்த முதல் துண்டைச் சோதிச்சிருந்தா கழுத்துக்குப் போறதுக்கு முன்னாடியே பிடிச்சிருக்கலாம்மா" என்றாள். வெட்டியாயிற்று, கதிர்வீச்சு நடக்கிறது, பிழைப்பேனா என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறாள்.

அதனால்தான் தினமும் சாயங்காலம் சித்தப்பா கிளினிக்கில், வெட்டுத் தழும்புள்ள முகத்தை மூடாமல், வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்காருகிறேன். நானாக வாய் திறப்பதில்லை, கேட்பவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். கூட்டம் பாதியாகிவிட்டது. "என்னைக் கொன்னுடாதீங்க அண்ணி" என்றார். "யாரு யாரைக் கொன்னதுன்னு பொறுத்துப் பார்க்கலாம் தம்பி" என்றேன். புகார் எழுதிக் கொடுத்தால் விசாரித்து ஒரு நாள் முடித்துவிடுவார்கள், எனக்கு அது போதாது. நேற்று மூக்கில் கட்டியோடு ஒருவர் உள்ளே போனார். "வெட்டினதை என் கையில குடுங்க டாக்டர், சோதனைக்கு நானே கொண்டுபோறேன்" என்று அவர் சொன்னது வெளியே கேட்டது. சித்தப்பா கதவைத் திறந்து என்னைப் பார்த்தார். கட்டியை வெட்டியதிலிருந்து எனக்கு முகத்தில் வலது பக்கம்தான் அசைகிறது. அந்தப் பக்கத்தால் சிரித்தேன்.

சமாதானம் பேச வராதே, என்னைப் பார்க்க வா. போன விடுமுறையில் அவர் உன் தோளில் சுட்டாரே ஒரு மச்சம், அந்த இடத்தை அங்கே நல்ல டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போடாதே. நீ நூறு வயது இரு.

உன் அம்மா