என் குரலில் வந்த அழைப்பு

தங்கச்சிக்கு,

போனில் கூப்பிட்டு, அன்று பேசியது மெஷின் என்று சொன்னால், "அப்போ இதுவும் மெஷின்தானே?" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கையால் எழுதுகிறேன்.

நம் ஆபீஸிலிருந்து உன்னை நீக்கிவிட்டதாகச் சொன்னது என் குரல்தான், பேசியது நானில்லை. ஊழியர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல என்றுதான் மேலாளர்களின் குரலைப் பதிவு செய்தார்கள். இப்போது அந்தக் குரல்களில் மென்பொருளே பேசுகிறது; யாரை வேலையை விட்டு அனுப்புவது என்பதைக்கூட அதுதான் முடிவு செய்கிறது. நான் பெயருக்குத்தான் மேலாளர்.

அம்மா என் முகத்தைப் பார்ப்பதில்லை. "கூடப் பொறந்தவளையே துரத்திட்டியேடா" என்று அழுகிறாள்.

இன்று எனக்கும் அழைப்பு வந்தது. என் குரலே என்னை வேலையை விட்டு அனுப்பியது. "மனசைத் தளர விடாதீங்க" என்று எவ்வளவு பாசமாகச் சொன்னது தெரியுமா?

வள்ளென்று விழாமல் நான் உன்னிடம் என்றைக்குப் பேசியிருக்கிறேன்? அத்தனை அன்பாகப் பேசியபோதே அது நானில்லை என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

உன் அண்ணன்