மூன்று பேருக்கு ஒரு தங்கக் கார்டு

ஊரிகம்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் டீனாவுக்கு அம்மா ஆசையோடும் கோபத்தோடும் எழுதுவது. கர்த்தர் கிருபையால் அப்பாவும் நானும் உன் தம்பியும் இங்கே சுகம், நீயும் ஹாம்பர்க் குளிரில் சுகமாக இருக்க தினமும் ஜெபம் பண்ணுகிறோம். கோபம் என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், மனசில் ஒன்றை மறைத்துக்கொண்டு எழுத எனக்கு வராது. போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் ஒன்று ஆரம்பித்தால் நீ நாலு பதில் சொல்லி, மீட்டிங் இருக்கிறதும்மா என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதில்லையா, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். ஷெர்வின் வழக்கம்போல இருட்டோடு ரயில் பிடித்து பெங்களூர் போகிறான், இருட்டினபிறகு வருகிறான், ஞாயிற்றுக்கிழமைதான் பிள்ளையின் முகத்தை வெளிச்சத்தில் பார்க்கிறோம். பெண் பார்க்கட்டுமா என்று கேட்டால் சீட் கிடைத்த ரயிலில் தூங்குவதுபோல அப்படியே தூங்கிவிடுகிறான். சமையற்கட்டுக் கூரை ஷீட் இந்த மழைக்கும் ஒழுகியது, அவனே மேலே ஏறித் தார் பூசினான். அப்பாவுக்கு இருமல் பரவாயில்லை, ஆனால் இருமல் குறைந்த அன்றே மாத்திரையை நிறுத்திவிடுகிறார், நீ ஒரு வார்த்தை கண்டித்துச் சொல். நீ பேசும்போது மூக்கடைத்துக்கொண்டு பேசினாய், அதையும் கவனித்தேன், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்த் தங்கச் சுரங்கத்தை வைத்து நீ செய்த கார்டு விளையாட்டுப் பெட்டி வந்து சேர்ந்தது. அச்சுக்குப் போவதற்கு முன்னால் நம் ஊர் ஆட்கள் விளையாடிப் பார்த்து, பாக்கெட்டைப் பிரித்ததும் எந்தக் கார்டை முதலில் எடுக்கிறார்கள், எதை விட மனசில்லாமல் வைத்துக்கொள்கிறார்கள் என்று எழுதச் சொன்னாயே, எழுதுகிறேன், நன்றாகவே எழுதுகிறேன். சுரங்கத் தொழிலாளி கார்டில் அப்பாவின் முகத்தை வரைய வைத்திருக்கிறாய். மீசை கொஞ்சம் அதிகம், எங்கள் கல்யாணத்தன்றுகூட அவருக்கு அவ்வளவு மீசை கிடையாது, ஆனாலும் அந்தக் கண் அவர் கண்தான், நான் ஒப்புக்கொள்கிறேன். படத்தை அச்சடிக்கச் சம்மதம் என்று ஒரு காகிதம் வைத்திருந்தாயே, அதில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் டீக்கடையில் காட்டினார், சர்ச்சில் காட்டினார், காணிக்கைப் பை வரும்போது காசுக்குப் பதில் கார்டை எடுத்துப் போட்டுவிடப் போகிறாரே என்று எனக்குப் பயம்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து, பக்கத்து வீட்டு ஃப்ளோரா ஆன்ட்டியையும் கூப்பிட்டு நாலு பேரும் உட்கார்ந்தோம். ஷெர்வின் முறையைச் சொன்னான். ஆளுக்கொரு பாக்கெட் பிரிப்பது, ஒரு கார்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பக்கத்திலிருப்பவருக்குத் தள்ளுவது. சரி என்றோம். தங்கக் கார்டு மினுமினுவென்று நன்றாகத்தான் இருக்கிறது, அது வந்தால் அப்பா கொத்திக்கொண்டு போனார், ஷெர்வினும் அப்படித்தான். ஃப்ளோரா மட்டும் தங்கத்தைத் தொடவேயில்லை. சுற்றிச் சுற்றி வந்த பாக்கெட்டிலெல்லாம் தொழிலாளி கார்டாகவே பொறுக்கி எடுத்தாள். அது எல்லாப் பாக்கெட்டிலும் மூன்று மூன்று வருகிற சாதாரணக் கார்டு ஆன்ட்டி, அதை எடுத்தால் ஜெயிக்க முடியாது என்று ஷெர்வின் சொன்னான். இருக்கட்டும்பா, ஆளுங்களை இன்னொருத்தர் கைல தள்ளி வுட எனக்கு மனசு வரல என்றாள்.

அப்புறம் ஆட்டம் ஆரம்பித்தது. மூன்று தொழிலாளியைக் கீழே போட்டால்தான் ஒரு தங்கத்தை இறக்கலாம் என்று நீ சட்டம் வைத்திருக்கிறாய். கீழே போட்டவர்களை வைக்கிற இடத்துக்குக் கிரேவ்யார்டு என்று அச்சடித்திருக்கிறாய், அப்பா அதைச் சத்தமாகக் கல்லறை என்று தமிழில் படித்தார். படித்துவிட்டு, தன் முகம் போட்ட கார்டு மூன்றையும் அதிலே வைத்துவிட்டுத் தங்கத்தை இறக்கிக் கைதட்டிச் சிரித்தார். அந்தத் துரை கார்டு ஒன்று வைத்திருக்கிறாயே, கோட்டும் தொப்பியும் போட்டு, வெள்ளி ஓரத்தோடு, அதை மட்டும் எந்தக் கார்டாலும் கல்லறைக்கு அனுப்ப முடியாதாம். ஏன், அவருக்கு மட்டும் இரும்பு நெஞ்சா? ஃப்ளோராவின் முறை வந்தது. கை நிறையத் தொழிலாளிகள். கார்டுகளைப் பாயில் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு, இவங்கள்லாம் எப்பண்ணா மேல வருவாங்க என்று அப்பாவைக் கேட்டாள். அப்பா சட்டக் காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, வரமாட்டாங்கம்மா என்றார். அப்ப இன்னா ஆட்டம்ணா இது என்று கேட்டாள், அவ்வளவுதான். ஒருவரையும் கீழே வைக்கவில்லை. முறை வரும்போதெல்லாம் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்திருந்து தோற்றுப்போய், கார்டுகளைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அப்பா எழுந்துபோய், எதுவும் சாப்பிடாத கையைக் கழுவிக்கொண்டு நின்றார். இரண்டு நாளாகக் கார்டு சட்டைப்பையில் இல்லை.

அன்று சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டுச் சொன்னேனே, நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? அதெல்லாம் காமன் கார்டும்மா, சாகறதுக்குன்னே போட்டது என்றாய். ஃப்ளோரா அப்போது பக்கத்தில் இல்லாதது கர்த்தர் செய்த நன்மை. சாகறதுக்குன்னே! இந்தப் பேச்சை எங்கே கற்றாய்? நான் கற்றுக்கொடுக்கவில்லை. அப்படிச் சாகிறதுக்கென்றே கீழே போனவர் சம்பளத்தில்தான் நீ ஸ்கூலுக்குப் போனாய், ஷூ போட்டாய், அந்த ஊருக்கு விமானம் ஏறுகிற அளவுக்குப் படித்தாய். ஃப்ளோராவின் வீட்டுக்காரர் மாணிக்கராஜ் போனபோது நீ என் இடுப்பில் இருந்தாய். நேரமில்லாத நேரத்தில் சைரன் ஊதியது, கம்பெனி லைன் வீட்டுப் பெண்கள் எல்லோரும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு சுரங்க ஷாஃப்டு வாசலுக்கு ஓடினோம். உள்ளே பாறை வெடித்துவிட்டது என்றார்கள். யார் யார் என்று யாரும் சொல்லவில்லை. ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் நானும் ஃப்ளோராவும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு முகம் முகமாகப் பார்த்தோம். மாணிக்கராஜை எடுக்காமல் நான் ஏறமாட்டேன் என்று உன் அப்பா கீழேயே கிடந்தாராம். கடைசியில் இரண்டு பேரும் ஒரே கேஜில் வந்தார்கள், ஒருவர் நின்றுகொண்டு, ஒருவர் படுத்துக்கொண்டு. உன் அப்பா நிற்பதைப் பார்த்ததும் ஃப்ளோராவின் கையை விட்டுவிட்டு நான் ஓடினேன். அப்படி மேலே வந்த மனுஷனைத்தான் நீ மறுபடி கீழே போட்டு, அதற்குக் கல்லறை என்று பெயரும் வைத்திருக்கிறாய்.

தொழிலாளிகள் மேலே வந்துகொண்டே இருந்தால் ஆளாளுக்குத் தங்கம் எடுத்துக்கொண்டே இருப்பார்கள், ஆட்டம் முடியாதும்மா என்றாய். முடியாவிட்டால் போகிறது, யாருக்கு என்ன அவசரம்? அதற்கு வழி கண்டுபிடிக்கத்தானே உனக்குச் சம்பளம். கீழே போனவன் அலுத்துப்போய் ஒரு சுற்று லீவில் கிடக்கட்டும், அடுத்த சுற்றில் ஷிஃப்டுக்கு வரட்டும். இல்லாவிட்டால் அப்பா முகத்தை எடுத்துவிட்டு அந்தத் துரை முகத்தையே எல்லாக் கார்டிலும் போட்டுக்கொள். அப்பா கையெழுத்துப் போட்ட காகிதம் என்னிடம்தான் இருக்கிறது. இன்னும் அனுப்பவில்லை, அவரும் கேட்கவில்லை.

இதை எழுதவைத்தது இது மட்டும் இல்லை. நேற்றுக் காலையில் ஃப்ளோரா வந்தாள். கையில் மாணிக்கராஜ் போட்டோ, ராபர்ட்சன்பேட்டை ஸ்டுடியோவில் கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது, கண்ணாடியைத் துடைத்துக் கொண்டுவந்திருந்தாள். லூயிசாக்கா, டீனா கைல சொல்லி இவரையும் ஒரு கார்டுல போடச் சொல்லேன், இன்பராஜண்ணன் கூட இருக்கட்டும் என்றாள். நான் போட்டோவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவளே சொன்னாள், நம்ம டீனா தானே, மேல வர மாரி மாத்திடுவா இல்ல என்று. காபியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் நின்று அழுதேன். ஷெர்வின் அந்தப் போட்டோவைத் தன் போனில் எடுத்து வைத்திருக்கிறான், நான் சொல்லாமல் உனக்கு அனுப்பமாட்டான்.

வேளைக்குச் சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைத் தவறவிடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. மறக்காதே, பதிலைப் போனில் சொல்லாதே, தமிழில் எழுதி அனுப்பு. நீ என்ன எழுதினாலும் அதை ஃப்ளோராவை உட்காரவைத்து நான் வாய்விட்டுப் படிக்கப்போகிறேன், ஒரு வார்த்தையும் விடமாட்டேன்.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் ஆறாத அம்மா,
லூயிசா இன்பராஜ்